தகட்டில் வெட்டிய தமிழ்

மார்கழி பிறந்துவிட்டால் அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவது நம்மவர் வழக்கம். மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காம் தளத்தில் குடியிருப்பவர்களுக்கு வாசல் என்பது இரண்டடி நடைவழிதான். அந்த இரண்டடியிலும் கோலம் இருக்க வேண்டும். அலுவலகத்திற்குச் செல்லும் ரயிலையும் தவறவிடக் கூடாது. இத்தகைய நெருக்கடியில் உள்ள இல்லத்தரசிகள் பலர், ஊருக்குச் சென்று திரும்புகையில் கடைத்தெருவில் ஒரு பொருளை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வருகிறார்கள். சிறு துளைகளிட்ட கோலத் தகடே அது. தரையில் வைத்து, மாவைத் தூவி, கையால் ஒருமுறை வழித்துவிட்டுத் தூக்கினால் தாமரையோ தேரோ பளிச்சென்று மலர்ந்திருக்கும். கை பழகிக் கோலமிடும் பாட்டிமார் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. அந்த வழக்கில் தீர்ப்புக் கூற நான் துணியவில்லை.

இக்கட்டுரைக்கு வேண்டுவது அந்தத் தகட்டின் தத்துவம் மட்டுமே. அறிந்த கை ஒன்று ஒருமுறை வெட்டி வைத்ததை, அறியாத கையும் ஆயிரம் முறை பிழையின்றி இடலாம். மாவுக்குப் பதிலாக எனாமல் வர்ணத்தையும் தாமரைக்குப் பதிலாக எழுத்தையும் வைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகை எழுதுவோர் ‘ஸ்டென்சில்’ என்று கூறும் எழுத்துத் தகடு அதுவே.

இதன் ஆட்சி நாடு முழுவதும் பரந்து கிடப்பதை நாம் பார்த்தும் பாராமல் செல்கிறோம். ரயில் பயணத்தின்போது எதிர்த் தடத்தில் நிற்கும் சரக்கு வண்டியைக் கவனித்தால், ஒவ்வொரு பெட்டியின் மேலும் 11 இலக்க எண் ஒன்றும், அதன் எடையும் கொள்ளளவும், பழுதுபார்ப்பதற்காகத் திரும்ப வேண்டிய தேதியும் வெள்ளை எழுத்துக்களில் பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்துக்களின் நடுவே சிறு சிறு இடைவெளிகள் தென்பட்டால் அவை தகடு வைத்து எழுதப்பட்டவை என்று அறியலாம். மின்கம்பத்தின் எண், பள்ளி மேசையின் எண், சாக்கு மூட்டையின் முகவரி ஆகியவையும் இவ்வாறு எழுதப்படுவனவே. அஸ்ஸாமிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் தேயிலை மரப்பெட்டிகளில் சென்ற காலத்தில், தோட்டத்தின் பெயரும் பெட்டியின் எண்ணும் தகடு வைத்தே எழுதப்பட்டன. படிக்கத் தெரியாத தொழிலாளியும் தவறின்றி எழுதினார். கடல் கடந்த துறைமுகத்திலும் அது தவறின்றிப் படிக்கப்பட்டது.

எனாமல் என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையில் எனாமல் என்பது இரும்பின் மேல் கண்ணாடித் தூளைத் தூவி, உலையில் இட்டு உருக்கிப் படியச் செய்யும் பளபளப்பான பூச்சு. பழைய நாளைய வெள்ளைக் குவளைகளிலும், மளிகைக் கடைகளில் தொங்கிய தேயிலை, சோப்பு விளம்பரத் தகடுகளிலும் அதனைக் கண்டிருப்போம். பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தாலும் அதன் நிறம் மங்குவதில்லை. கல் பட்டால்தான் சில்லுச் சில்லாகப் பெயரும். இன்று டப்பாவில் வாங்கும் எனாமல் பெயிண்டு அந்தப் பளபளப்பிற்காக அப்பெயரை இரவல் வாங்கிக் கொண்டது. இதில் கண்ணாடி இல்லை. எண்ணெயும் பிசினும் சேர்த்துச் சமைத்த பொருளில் நிறத்தூள் கலந்திருக்கிறது. காற்றிலுள்ள பிராண வாயுவை உட்கொண்டு அது இறுகுகிறது. தண்ணீர் வற்றிக் காய்வதன்று, காற்றை உண்டு இறுகுவது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர்க் கூறப்போகும் பல செய்திகளுக்கு இதுவே காரணம்.

இனி நம் சங்கதிக்கு வருவோம். தமிழ்நாட்டில் தமிழ்ப் பலகை எழுதுவதற்குத் தமிழ் அறிந்த ஓவியர் கிடைப்பார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அந்த வசதி அரிது. மாதுங்காவிலும் தாராவியிலும், தில்லியின் கரோல்பாக் பகுதியிலும், கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தாலும், கடைக்கோ கோயிலுக்கோ சங்கத்திற்கோ பலகை வேண்டுமென்றால் பெரும்பாலும் உள்ளூர் ஓவியரிடமே செல்கிறோம். அவர் தம் மொழி எழுத்தில் வல்லவராக இருப்பார். தமிழ் எழுத்தோ அவருக்கு எழுத்து அன்று, சித்திரம். நாம் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைகிறார். நம் கையெழுத்தின் அவசரம் முழுவதும் அவர் பலகையில் அழியாப் பதிவாகிவிடுகிறது.

‘திருமண மண்டபம்’ என்பது ‘திருமன மண்டபம்’ ஆவதை யார்தான் கண்டதில்லை? ஒரு சுழி குறைந்தது, அவ்வளவே என்று ஓவியர் நினைப்பார். கொம்பின் மேற்சுழி விடுபட்டால் கோடி ரூபாய் கொடி ரூபாயாகிறது. பள்ளி பல்லியானால் அதன் கேலியைப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அனுபவிப்பார்கள். வடநாட்டு நகரம் ஒன்றில் ஓர் உணவு விடுதியின் பலகையில் ஒரு புள்ளிகூட இல்லாமல் முழுப் பெயரும் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் தமிழர், நாள்தோறும் அதன் கீழே நடந்து செல்பவர். பணம் கொடுத்து எழுதியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்னும் சலிப்புத்தான்.

புள்ளி விடுபடுவதற்கு ஓவியரின் அசட்டை மட்டும் காரணமன்று. நாகரி எழுத்தில் பழகியவருக்கு எழுத்தின் மேலுள்ள புள்ளி மூக்கொலியைச் சேர்ப்பது. தமிழிலோ அது உயிரொலியை நீக்குவது. அவர் அறிந்த புள்ளி வேறு, நம் புள்ளி வேறு. மேலும் நாகரி எழுத்துக்கள் ஒரு தலைக்கோட்டிலிருந்து கொடியில் உலர்த்திய துணிகளைப் போலத் தொங்குவன. ஆகையால் அவர் முதலில் மேற்கோட்டை இழுத்து, எல்லா எழுத்தையும் அதில் மாட்டுவார். தமிழ் எழுத்துக்கள் அடிக்கோட்டில் நிற்பன. சில கீழே கால் நீட்டுவன, சில மேலே கை தூக்குவன. மேலே மாட்டித் தொங்கவிட்டால் வரிசை குதிப்பது போலத் தோன்றும். இடம் போதாமல் வரியை உடைக்கும்போது, கொம்பை ஒரு வரியின் முடிவிலும் அதற்குரிய எழுத்தை அடுத்த வரியின் தொடக்கத்திலும் வைத்துவிடுவதும் உண்டு.

கணினியில் அச்சிடும் ஃபிளெக்ஸ் பலகை வந்த பிறகு இத்தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை, உருவம் மாறிற்று. தமிழ் எழுத்தைச் சேர்க்கும் முறை அறியாத மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். துணைக்கால் தனியே ஒரு புள்ளி வட்டத்துடன் அலையும். அச்சுக் கடைக்காரருக்கு அது தவறென்று தெரியாது. பத்தடிக்கு இருபதடியில் தவறு வழவழப்பாக அச்சாகி வந்துவிடும்.

இந்நிலையில்தான் எழுத்துத் தகட்டின் அருமை விளங்குகிறது. தமிழ் அறிந்தவர் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து ஒருமுறை வெட்டிவிட்டால், பிறகு அதை எவர் கையில் கொடுத்தாலும் கவலையில்லை. ஆனால் வெட்டுகையில் ஒரு பிழை நேர்ந்தால் அதுவும் ஆயிரம் முறை அச்சாகும். தகடு அறிவையும் பெருக்கும், அறியாமையையும் பெருக்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் இரண்டு பேராவது எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

தமிழுக்குத் தகடு வெட்டுவது எளிதன்று. 247 எழுத்துக்கள் ஆயிற்றே என்று மலைப்பவர் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். உயிரெழுத்தில் ‘ஔ’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வும் கொண்டு எழுதலாம், ஆகவே உயிருக்கு 11 தகடுகள் போதும். அகரமேறிய உயிர்மெய் 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறியவை எழுத்தோடு ஒட்டிக் கொள்வதால் தனித்தனியே வெட்ட வேண்டும், அவை 72. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கும் தனித் தகடுகள். எஞ்சியது ஒரு புள்ளி. அதை எழுத்தின் மேல் வைத்தால் மெய். மூன்று முறை வைத்தால் ஆய்தம். ஆக மொத்தம் 106 தகடுகளில் 247 எழுத்துக்களும் அடங்கிவிடுகின்றன. ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமென்பவர் சில தகடுகள் கூட்டிக் கொள்ளலாம்.

இந்தக் கணக்கிற்கு உதவி புரிந்தது எழுத்துச் சீர்திருத்தம். ணா, றா, னா என்பவை முன்பு கீழே வளைந்த தனி உருவம் பெற்றிருந்தன. ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவை முன்னே தாங்கியிருந்தன. பெரியார் 1935 முதல் தம் இதழில் வழங்கிவந்த எளிய உருவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக் கொண்டது. அச்சுக்கோப்பவருக்கு அதனால் விளைந்த நன்மையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். தகடு வெட்டுபவருக்கும் ஏழு தகடுகள் மிச்சம் என்பதை யாரும் குறிப்பிட்டதாகத் தெரியவில்லை. பழைய வீடுகளில் துதிக்கை வளைவு எழுதிய பலகையைக் காண நேர்ந்தால் அதன் வயதை ஓரளவு ஊகித்துக் கொள்ளலாம்.

ஒரே பலகைக்கு 106 தகடுகளும் வேண்டியதில்லை. ‘தமிழ்ச் சங்கம்’ என்று எழுத த, மி, ழ, ச, ங, க, ம ஆகிய ஏழும் ஒரு புள்ளியும் போதும். சகரத்தை இருமுறையும் புள்ளியை நான்கு முறையும் வைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வெட்டிவிடக் கூடிய வேலை. விழாவுக்கு விழா வாடகைக்கு எடுத்த நாற்காலிகளோடு நம் நாற்காலிகள் கலந்துவிடும் துன்பம் சங்கச் செயலாளர்கள் யாவரும் அறிந்தது. பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் மரபில் வந்த நாம், நாற்காலியின் முதுகில் பெயர் எழுதத் தயங்குவானேன்? பாத்திரத்திற்கு மட்டும் பழைய முறையே நல்லது. உணவு படும் இடத்தில் எனாமல் வர்ணம் ஆகாது.

எதில் வெட்டுவது? தொழிற்சாலைகளில் துத்தநாகத் தகடு, அலுமினியத் தகடு. வீட்டில் வெட்டுவதற்குப் பலரும் கையாளும் பொருள் பழைய எக்ஸ்ரே பிலிம். வர்ணத்தின் எண்ணெயில் ஊறாது, வளையும், கூரிய கத்திக்கு இணங்கும். பாட்டியாரின் முழங்கால் படம் எந்த அலமாரியிலாவது இருக்கத்தான் செய்யும். குணமான முழங்காலின் படமாக இருந்தால் எடுத்துக் கொள்ளலாம். அது இல்லையென்றால் தடித்த அட்டையில் ஆளிவிதை எண்ணெயோ மெழுகோ பூசி உலர்த்திப் பயன்படுத்தலாம்.

வெட்டும் கலையின் உயிர்நிலை ‘பாலம்’. ஆங்கில ‘ஓ’வை வட்டமாக வெட்டினால் நடுவட்டம் கழன்று விழுந்து வெறும் பொட்டுத்தான் எஞ்சும். நடுவட்டத்தைப் பிடித்து நிறுத்த இரு பக்கமும் வெட்டாமல் விடும் கீற்றுக்கே பாலம் என்று பெயர். சரக்கு வண்டி எழுத்துக்களில் நாம் கண்ட இடைவெளிகள் இவையே. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் 26இல் பாலம் வேண்டுபவை ஏழுதான். தமிழிலோ ட, ப, ர போன்ற சில எழுத்துக்களே பாலமின்றி நிற்கும். க, ம, வ, ல, ள, ன, ண என்று சுழியும் கண்ணும் உள்ளவை மிகப் பல. பாலத்தை வைக்கும் இடத்தில்தான் அறிவு வேண்டும். மகரத்தின் வலப்பக்க வளைவை உச்சியில் அறுத்தால் தூரத்தில் அது யகரம் போலக் காணும். இரட்டைக் கொம்பின் சிறு சுழியில் பாலம் போட்டால் அது ஒற்றைக் கொம்பாகிவிடும். ஆகவே ஓரெழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து வேறுபடுத்தும் உறுப்பைத் தொடாமல், வேறிடத்தில் பாலம் அமைக்க வேண்டும். எல்லா எழுத்திலும் ஒரே சாய்வில் அமைத்தால் அதுவே ஓர் அழகாகவும் அமையும். அரை அடி எழுத்துக்குப் பாலத்தின் அகலம் நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கலாம். அதனினும் மெலிந்தால் நாலாவது முறை துடைக்கும்போது அறுந்துவிடும்.

கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து வெட்டுவது நல்லது. முதலில் சுழியின் உட்பகுதி, பிறகு வெளிப்பகுதி என்ற முறையில் வெட்டினால் தகடு கடைசிவரை விறைப்பாக இருக்கும். வளைவுகளில் கத்தியைத் திருப்பாமல் தகட்டைத் திருப்ப வேண்டும். இக்காலத்தில் வண்டிகளுக்கு ஒட்டுப்படம் வெட்டித் தரும் கடைகளில் இயந்திரமே தகடு வெட்டித் தருகிறது. ஆனால் மேலே கூறிய கொம்புத் தொல்லை அங்கும் உண்டு. எழுத்துருவைக் கோட்டுச் சித்திரமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். பாலத்தையும் நாமே வரைந்து கொடுத்துவிட வேண்டும்.

எழுத்தின் அளவைப் பற்றித் தொழில் செய்வோர் கூறும் கணக்கு எளியது: பத்தடி தூரத்திற்கு ஓர் அங்குல உயரம். ஐம்பதடிக்கு அப்பாலிருந்து இலகுவாகப் படிக்க ஐந்தங்குலம். தமிழில் இந்த உயரம் எழுத்தின் நடு உடலுக்கு உரியது. மேற்கொக்கிக்கும் கீழ்க்காலுக்கும் வேறாக இடம் விட வேண்டும். இதை மறந்து பலகையை அளப்பவர்களின் ‘கீ’யும் ‘சூ’வும் சட்டத்தில் போய் முட்டிக் கொள்கின்றன.

பலகையைத் தயார் செய்வதில் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. இரும்புத் தகடாயின் உப்புத்தாளால் துரு நீங்கத் தேய்த்து, டர்பன்டைன் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ரெட் ஆக்ஸைடு பிரைமர் பூச வேண்டும். மரமாயின் மரத்திற்குரிய பிரைமர் பூசி, பட்டி பார்த்து, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இவை யாவரும் அறிந்தவை. அறியாமல் பலர் ஏமாறுவது துத்தநாகம் பூசிய தகட்டில். பளபளவென்று துருவில்லாமல் இருக்கிறதே என்று நேரே எனாமல் பூசிவிடுவார்கள். வர்ணத்திலுள்ள எண்ணெய்ப் பொருளோடு துத்தநாகம் சேர்ந்து ஒருவகைச் சவர்க்காரத்தை உண்டாக்கிவிடும். சில மாதங்களில் வர்ணம் வாழைப்பட்டை போல உரிந்து வரும். அத்தகட்டிற்கென்றே தனிப் பிரைமர் விற்கிறது; அதைப் பூசாமல் தொடங்கக் கூடாது. புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவரின் காரமும் இதே தீமையைச் செய்யும். சுவர் நன்றாக உலரும்வரை பல வாரங்கள் பொறுக்கத்தான் வேண்டும். பண்டிகைக்குள் முடிய வேண்டுமென்று அவசரப்பட்டுப் பயனில்லை.

நிலவர்ணத்தைத் தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவது மேல். தடித்த பூச்சில் மேற்புறம் முதலில் காற்றை உண்டு இறுகிவிட, உட்புறம் ஈரமாகவே இருந்து, மேற்றோல் சுருங்கிப் பாலாடை போல மடியும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் இரவாவது விட வேண்டும். மழைக்காலத்தில் இவ்வேலை வேண்டவே வேண்டாம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பூசிய பலகைகள் பளபளப்பு மங்கிப் பூசணம் பூத்தது போலத் தோன்றுவது இதனாலேயே.

அடுத்தது தகடு வைத்து எழுதும் வேலை. இங்கே பழகாதவர் செய்யும் குற்றம் ஒன்றே: வர்ணம் மிகுதி. சுவருக்குப் பூசுவது போல வர்ணத்தை நீர்த்துத் தூரிகையைத் தோய்த்தால், தகட்டின் அடியில் வர்ணம் ஊர்ந்து சென்று சுழியெல்லாம் அடைந்துவிடும். வர்ணம் கெட்டியாக இருக்க வேண்டும். நுனி தட்டையான, விறைத்த மயிருள்ள குட்டைத் தூரிகை வேண்டும். அதை வர்ணத்தில் தொட்டு, பழைய செய்தித்தாளில் நாலைந்து முறை குத்தி, ஏறக்குறைய உலர்ந்துவிட்டதோ என்று ஐயுறும் நிலையில் தகட்டின் மேல் செங்குத்தாகக் குத்திக் குத்தி எழுத வேண்டும், இழுக்கக் கூடாது. நிறம் போதவில்லையென்றால் சற்றுப் பொறுத்து மறுபடி குத்தலாம். தகட்டை நேர்மேலாக எடுத்து, அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டே அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். டப்பாவில் ஆடை படிந்திருந்தால் அதைக் கலக்காமல் வெட்டி எடுத்தெறிந்து, பழைய வேட்டித் துணியில் வர்ணத்தை வடிகட்டிக் கொள்ள வேண்டும். மறுநாள் எழுத்து இறுகிய பின் நுண்ணிய தூரிகையால் பாலங்களை நிரப்பிவிட்டால் கையால் எழுதியது போலவே இருக்கும். நாற்காலிக்கும் பெட்டிக்கும் நிரப்ப வேண்டியதில்லை.

நிறத்தைத் தேர்வதற்கு நம் ரயில் நிலையப் பலகைகளைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மஞ்சள் நிலத்தில் கரிய எழுத்து. தூரத்திலிருந்தும் மங்கிய ஒளியிலும் தெரியும். கருமைக்கு உரிய கரித்தூளும் காவிச் சிவப்புக்கு உரிய இரும்புத் துருத்தூளும் வெயிலுக்கு அஞ்சாதவை. பளிச்சென்ற சிவப்புகளில் பல இரண்டு கோடையில் வெளுத்துவிடுகின்றன. மேற்கு வெயில் படும் பலகையில் கடையின் பெயரை அச்சிவப்பில் எழுதுவது பணத்தை வெயிலில் காயவைப்பது போலாகும்.

மஞ்சள் என்றதும் தாய்மார்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனாமல் வர்ணங்களில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், நெடுங்காலமாக ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டு வந்தன. நிறம் தூக்கலாக இருக்கும், விரைவில் உலரும் என்பது காரணம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் 2016இல் விதி வகுக்கப்பட்டு, வீட்டுக்கும் அலங்காரத்திற்கும் உரிய வர்ணங்களில் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை உபயோகத்திற்கான வர்ணங்களை அவ்விதி கட்டுப்படுத்தாது. ஆகையால் பலகைக்கு வர்ணம் வாங்கும்போது டப்பாவின் மேல் ஈயத்தைப் பற்றி அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். பரணில் கிடக்கும் 2017க்கு முந்திய டப்பாவைச் சிக்கனம் கருதி எடுக்க வேண்டாம்.

புது வர்ணத்தினும் கொடியது பழைய வர்ணத்தின் தூசி. தாத்தா காலத்துப் பலகையைப் புதுப்பிக்கிறோம் என்று அதைக் கூடத்தில் போட்டு உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தத் தூசி தரையில் படிந்து, தவழும் குழந்தையின் கையில் ஒட்டி, வாய்க்குள் செல்கிறது. தேய்க்க வேண்டியிருந்தால் வெளியிடத்தில், நீர் தொட்டுத் தேய்க்கும் தாளைக் கொண்டு, ஈரமாகத் தேய்த்து, கழிவைத் துணியில் சேர்த்துக் கட்டி எறிய வேண்டும். பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் அப்பக்கம் வர வேண்டாம். எண்ணெய் வர்ணம் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போடுவதும் ஆபத்து. காற்றை உண்டு இறுகும்போது வெப்பம் பிறக்கிறது; சுருட்டிய துணியில் அது வெளியேற வழியின்றிச் சில வேளைகளில் தானே தீப்பிடிக்கிறது. விரித்து உலர்த்திய பின்பே அப்புறப்படுத்த வேண்டும்.

கடை வைத்திருக்கும் அன்பர்கள் பலகையை அளப்பதற்கு முன் அந்தந்த மாநிலத்தின் சட்டத்தையும் பார்த்துக் கொள்வது நலம். மகாராஷ்டிரத்தில் 2022இல் திருத்திய சட்டத்தின்படி, சிறிதாயினும் பெரிதாயினும் எல்லாக் கடைகளும் மராத்தியில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும். மராத்தி எழுத்து மற்ற எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை நிறைவேற்ற இரண்டு மாதத் தவணை அளித்தது. கர்நாடகத்தில் 2024இல் திருத்திய சட்டம் பலகையில் 60 விழுக்காடு கன்னடத்திற்கு உரியது என்கிறது. இவற்றை நமக்கு எதிரான செயலாக எண்ணிக் குறைபடுவோர் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நாம் வாழும் மண்ணின் எழுத்துக்கு முதலிடம் அளிப்பதில் தமிழுக்கு இழுக்கு ஏதும் இல்லை. எஞ்சிய இடத்தில் தமிழ் திருத்தமாக நிற்கிறதா என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும். ஆறடி நீளமும் மூன்றடி உயரமும் உள்ள பலகையை எடுத்துக் கொள்வோம். உயரத்தில் 60 விழுக்காடு கன்னடத்திற்குப் போனால் பதினான்கு அங்குலத்திற்குச் சற்று மேல் மிஞ்சும். அதில் ஐந்தங்குலத் தமிழும் மூன்றங்குல ஆங்கிலமும், கொக்கிக்கும் காலுக்கும் ஓரத்திற்கும் உரிய இடமும் அடங்கிவிடும். ஐந்தங்குலம் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்கப் போதுமானதே.

கையால் பலகை எழுதும் தொழில் தளர்ந்து வருவதையும் இங்கே சொல்ல வேண்டும். 2000க்குப் பின் ஃபிளெக்ஸ் பரவியபோது ஓவியர் பலர் வேறு வேலைக்குச் சென்றனர். வண்டி எண் எழுதிப் பிழைத்தவர்களுக்கு, புதிய வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு எண் தகடு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமானதும் அந்த வருவாயும் நின்றது. தில்லியைச் சேர்ந்த ஹனீஃப் குரேஷி என்னும் ஓவியர், தெரு ஓவியர்களின் கையெழுத்து வடிவங்களைத் திரட்டிக் கணினி எழுத்துருக்களாக்கும் முயற்சியைத் தொடங்கி, அதன் வருவாயில் அவ்வோவியர்களுக்கும் பங்கு கிடைக்க வழி தேடினார். அவர் 2024இல் காலமானார். நம் பகுதியில் இன்னும் தூரிகை பிடிக்கும் ஓவியர் ஒருவர் இருப்பாராயின், நாம் வெட்டிய தமிழ்த் தகடுகளை அவரிடம் கொண்டு செல்வதே நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. நில வர்ணத்தின் நேர்த்தியும் பாலம் நிரப்பும் நுட்பமும் அவர் கையில் இருக்கின்றன. எழுத்தின் திருத்தம் நம் தகட்டில் இருக்கிறது. அவர் மராத்தியரோ வங்காளியோ, புள்ளி எங்கே வர வேண்டுமென்று தகடே அவருக்குச் சொல்லிவிடும்.

வேலை முடிந்ததும் தகடுகளை டர்பன்டைன் கொண்டு துடைத்து, பாலங்கள் வளையாதபடி இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்க வைக்க வேண்டும். தலைகீழாகவும் புறம் மாறியும் வைத்துவிடாதிருக்க, ஒவ்வொன்றின் வலப்பக்க மேல்மூலையையும் சிறிது கத்தரித்து அடையாளம் செய்து கொள்ளலாம். புள்ளித் தகடு மட்டும் மிகச் சிறியதாகையால் எளிதில் தொலையும். அதை இரண்டாக வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்.